வினையும் சங்கற்பமும்

"எல்லாம் அவன் செயல்" என்ற வார்த்தை நம் ஊர்களில் இரண்டு இடங்களிலே கேட்கின்றது. வரம்பு கட்டி, உழுது, விதைத்து, களை பிடுங்கி, இராக்காவல் இருந்து, தன்னால் ஆன அத்தனையையும் செய்துவிட்ட கமக்காரன் வானத்தைப் பார்த்துச் சொல்வது ஒன்று. ஒன்றுமே செய்யாதவன் திண்ணையில் இருந்துகொண்டு சொல்வது மற்றொன்று. வார்த்தை ஒன்றாயினும் முன்னையது பக்தி, பின்னையது சோம்பல். சைவ சமயம் எதை ஒப்புகின்றது என்பதில் பலருக்கு மயக்கம் உண்டு. அம்மயக்கத்தால் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள்.

வினை என்றால் தலையெழுத்து என்றே பலர் எண்ணுகின்றனர். ஆனால் சைவசித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுத்துச் சொல்கின்றது. முற்பிறவிகளில் ஈட்டிச் சேர்த்து வைக்கப்பட்டிருப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் அனுபவிக்க வந்திருப்பது பிராரத்தம். அதை அனுபவிக்கும்போதே நாம் புதிதாகச் செய்துகொள்வது ஆகாமியம். நெல் விளையும் நாட்டில் இதனை விளக்குவது எளிது. பட்டறையிலே கிடக்கும் நெல் சஞ்சிதம். இன்று உலையில் இட்ட அரிசி பிராரத்தம். அது குத்தரிசியோ பச்சையரிசியோ, இன்றைக்கு அதைத்தான் உண்ணவேண்டும்; மாற்ற இயலாது. ஆனால் பெரும்போகத்துக்கு வயலில் எறியப்படும் விதை ஆகாமியம். அந்த விதைநெல்லைத் தெரிவு செய்வதும், பதர் நீக்குவதும், காலம் தப்பாமல் விதைப்பதும் எவர் பொறுப்பு? "உலையில் இருப்பது குறுணல், ஆகையால் நான் விதைக்கமாட்டேன்" என்று சொல்லும் கமக்காரனை வட்டையில் யாரும் கண்டதில்லை. பிள்ளை படிக்கவில்லை என்றதும் "அவனுடைய தலைவிதி" என்று சொல்லும் தகப்பன்மாரோ எல்லா ஊரிலும் உண்டு.

திருக்குறளிலும் இதற்கு இடமுண்டு. ஊழைப் பற்றி 38ஆம் அதிகாரம் வகுத்து அதன் வலிமையைக் குறைவின்றிச் சொன்ன வள்ளுவரே, 62ஆம் அதிகாரத்துக்கு ஆள்வினையுடைமை என்று பெயரிட்டு, அதன் முடிவிலே சோராமல் முயல்பவர் முன் ஊழும் தோற்கும் என்ற கருத்தை வைக்கின்றார். முன்னுக்குப் பின் முரண் என்று சிலர் வாதிடுவர். முரண் இல்லை. முன்னையது பிராரத்தத்தைப் பேசுகின்றது. பின்னையது ஆகாமியத்தைப் பேசுகின்றது என்று கொண்டால் இரண்டும் பொருந்தும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பொறுப்பு வேறு, பழி வேறு. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளைச் சாய்த்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து எழுவான்கரையை அடித்துச் சென்றது. 2009 வரை நீடித்த யுத்தம் எழுவான்கரை, படுவான்கரை என்று பார்க்காமல் வீடுகளை வெறுமையாக்கியது. இவற்றில் பிள்ளையை இழந்த தாயிடம் போய் "உன் வினை" என்று சொல்வது சமய அறிவு அன்று, கொடுமை. அவளுடைய வினையை அளந்து சொல்ல நமக்கு எந்த அதிகாரமும் இல்லை. சூறாவளி யாருடைய குற்றமும் அன்று. ஆயினும் தென்னை விழுந்த குழியருகே மறுபடி ஒரு தென்னம்பிள்ளை நடுவது ஒருவருடைய பொறுப்பாக இருந்தது. நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் செல்லும் என்று தெரிந்துதான் நட்டார்கள். பொறுப்பு என்று இக்கட்டுரை சொல்வது அதனையே. நடந்ததற்குக் கணக்குக் கேட்பதை அன்று. எஞ்சிக் கையில் இருப்பதை எடுத்துக்கொள்வதை.

அடுத்து, கையில் எடுத்துக்கொண்ட கருமத்துக்கு மனத்தை ஆயத்தப்படுத்துவது எப்படி என்று பார்க்கவேண்டும். இதற்கு வேறெங்கும் தேடவேண்டியதில்லை. ஆலயத்திலே நாள்தோறும் நடப்பதை உற்றுப் பார்த்தாலே போதும். எந்தப் பூசையும் சங்கற்பம் இன்றித் தொடங்குவதில்லை. குருக்கள் மந்திரம் சொல்லும்போது பலர் அதை ஏதோ முகவுரை என்று எண்ணிக் கதைத்துக்கொண்டு நிற்பர். அதில் என்ன சொல்லப்படுகின்றது? வருடம், அயனம், மாதம், பட்சம், திதி, வாரம், நட்சத்திரம் எல்லாம் சொல்லி, இருக்கும் இடத்தைச் சொல்லி, செய்விப்பவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, இன்ன பயன் கருதி இன்ன பூசையைச் செய்கின்றேன் என்று சொல்லப்படுகின்றது. யார், எப்போது, எங்கே, எதற்காக, எதனை என்ற ஐந்துக்கும் விடை சொன்ன பின்னரே முதற் பூ எடுக்கப்படுகின்றது. "என்றாவது ஒருநாள் ஏதாவது பூசை செய்வேன்" என்று ஒரு சங்கற்பம் கிடையாது.

நம் பிள்ளைகள் செய்துகொள்ளும் தீர்மானங்களோ பெரும்பாலும் அவ்வகையினவே. "இனிமேல் நன்றாகப் படிப்பேன்" என்பதில் நாளும் இல்லை, இடமும் இல்லை. ஜேர்மனிய உளவியலாளர் பீற்றர் கொல்விற்சர் இதையே ஆராய்ந்து 1999இல் எழுதினார். ஒரு காரியத்தைச் செய்யவேண்டும் என்று விரும்புவதோடு நிற்பவர்களைவிட, எந்த நேரத்தில், எந்த இடத்தில், எப்படிச் செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்பவர்கள் அதை நிறைவேற்றுவது அதிகம் என்பது அவருடைய முடிவு. குருக்கள் வாயில் அன்றாடம் கேட்கும் ஒன்று ஆராய்ச்சிக்கூடத்திலும் ஒப்புக்கொள்ளப்பட்டது என்று சொல்லலாம். ஆனால் அதற்காகப் பெருமைப்பட்டுவிட்டு நாம் அதைச் செய்யாமல் இருந்தால் என்ன பயன்? "வெள்ளி மாலை விளக்கு வைத்ததும், சாமியறை வாசலில் இருந்து, கணிதத்தில் பின்னக் கணக்குப் பத்துச் செய்வேன்" என்று ஒரு பிள்ளை சொல்லட்டும். அது சங்கற்பம்.

சங்கற்பத்தின் பின் காப்பு. கண்ணகி அம்மன் சடங்கிலும் திரௌபதை அம்மன் சடங்கிலும் காப்புக் கட்டிக்கொண்டவர் எப்படி நடந்துகொள்கின்றார் என்பது இப்பகுதியில் சிறு பிள்ளைக்கும் தெரியும். மச்ச மாமிசம் இல்லை, மது இல்லை, ஊர் தாண்டுவது இல்லை, வீண் கதை இல்லை. மஞ்சள் துண்டு ஒன்று கையில் கட்டப்பட்டதும் நேற்றுவரை சந்தியில் நின்று கத்தியவன் இன்று தலை குனிந்து போகின்றான். அவனை யாரும் காவல் காக்கவில்லை. கையிலே உள்ள நூல் அவனுக்குத் தன் சொல்லை ஞாபகப்படுத்துகின்றது, அவ்வளவுதான்.

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தின் 18 நாள் உற்சவத்தின் ஒழுங்கைச் சிந்தித்துப் பார்த்தால் இன்னும் ஒன்று விளங்கும். இறுதி நாட்களில் முதலில் வனவாசம். அதன்பின் அருச்சுனன் பாசுபதம் வேண்டிச் செய்யும் தவநிலை. அதன் பின்னரே தீப்பள்ளயம். இழந்துவிட்டோம் என்ற காட்டு வாழ்க்கையிலிருந்து ஒரேயடியாக நெருப்புக்குள் போவதில்லை. நடுவிலே தவம் இருக்கின்றது. சோதனை மண்டபத்துக்கு முதல்நாள் மட்டும் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளை, காப்பும் விரதமும் இன்றித் தீக்குழிக்கு வந்து நிற்பவனைப் போன்றவன். தேங்காய் உடைக்கட்டும், பேனையைப் பிள்ளையார் பாதத்தில் வைத்து எடுக்கட்டும், அதில் தவறே இல்லை. ஆனால் நேர்த்தி என்பது இரு பக்க உடன்பாடு. பிள்ளையாருடைய பக்கத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு நம்முடைய பக்கத்தை மறந்துவிடுகின்றோம்.

இதையெல்லாம் வாழ்ந்து காட்டிய ஒருவர் இந்த மண்ணிலேயே தோன்றினார். இன்றைய அம்பாறை மாவட்டத்தில் கல்முனைக்குத் தெற்கே உள்ள காரைதீவு கண்ணகி அம்மனால் பெயர்பெற்ற ஊர். அங்கே 1892 மார்ச் 27இல் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்குப் பிறந்த மயில்வாகனனே பின்னாளில் சுவாமி விபுலானந்தர் ஆனார். அவருக்கு ஆண்டுதோறும் மாலை போடுகின்றோம்; பேச்சுப் போட்டி வைக்கின்றோம். "ஈசன் உவக்கும் மலர்" பற்றிச் சிறுவர்கள் பாடுகின்றனர். அவர் எப்படிப் படித்தார் என்பதைத்தான் குறைவாகப் பேசுகின்றோம்.

கல்முனையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்று, 1908இல், பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். அதன்பின் ஆசிரியத் தொழில், கொழும்பில் ஆசிரியப் பயிற்சி. அத்துடன் நின்றிருந்தால் அக்காலத்தில் அது கௌரவமான வாழ்வுதான். ஆனால் மேலே தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து 1916இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பட்டத்தைப் பெற்ற முதல்வர் அவரே. ஒரு பக்கம் இரசாயனம், மறு பக்கம் தொல்காப்பியம். இரண்டும் ஒரே மனத்தில், ஒரே ஆண்டில். "விஞ்ஞானம் படிப்பதால் தமிழுக்கு நேரமில்லை" என்று சொல்லும் மாணவர்கள் இதைச் சற்று நினைக்கவேண்டும்.

அதைவிட முக்கியமானது 1920. அந்த ஆண்டில் அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி ஆனார். அப்போது இலங்கையில் பல்கலைக்கழகமே இல்லை. கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது 1921இல். இலங்கைப் பல்கலைக்கழகம் உண்டானது 1942இல். ஆகவே விரிவுரை கேட்க இடமின்றி, ஆசிரியராக உழைத்துக்கொண்டே, தாமாகக் கற்றே அப்பரீட்சைக்குத் தோற்றினார். வசதி இல்லை என்பது அவருக்கு உண்மையாகவே இருந்தது. அது அவருக்கு ஒரு காரணமாகவில்லை. இன்று வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதன் கீழ் கல்லடியில் அவர் பெயராலேயே அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றது.

1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டு, 1925இல் ஊர் திரும்பினார். துறவி என்றால் பொறுப்பைத் துறந்தவர் என்பது உலக வழக்கு. இவரோ ஒரு குடும்பத்தின் பொறுப்புக்குப் பதிலாக ஊர்ப் பிள்ளைகள் எல்லாருடைய பொறுப்பையும் தலையில் ஏற்றுக்கொண்டார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது.

அவருடைய யாழ் நூல் பதினான்கு ஆண்டு ஆராய்ச்சியின் பயன். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் சொல்லப்பட்ட யாழ் தமிழ்நாட்டில் வழக்கொழிந்து பல நூற்றாண்டு ஆகியிருந்தது. பார்த்து எழுத ஒரு கருவி இல்லை. கேட்டு எழுத ஒரு கலைஞன் இல்லை. பழைய உரைகளும், இசையிலக்கணமும், கணிதமும், பௌதிகமும் மட்டுமே துணை. 1916இலும் 1920இலும் அவர் கற்றவை எல்லாம் இங்கே ஒன்றுகூடின என்பதைக் கவனிக்கவேண்டும். கற்கும்போது அவை யாழுக்கு என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இடையிலே 1939 முதல் 1941 வரை இமயத்தின் மாயாவதியில் "பிரபுத்த பாரதம்" இதழின் ஆசிரியர் பொறுப்பு. பின்னர் உடல்நலக் குறைவு. வேலை நிற்கவில்லை.

பிள்ளைகளிடம் விபுலானந்தராக வேண்டும் என்று கேட்பது நியாயம் அன்று. எல்லாப் பிள்ளைக்கும் கையில் இருப்பது ஒரே அளவு அல்ல. தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் உழைக்க, தம்பி தங்கையருக்குச் சோறாக்கி வைத்துவிட்டுப் பாடசாலைக்கு வரும் மூத்த பெண்பிள்ளை படுவான்கரை எங்கும் உண்டு. அவளைப் பார்த்து "நீ முயற்சி போதாது" என்று சொல்லும் பெரியவர் முதலில் தம்முடைய பொறுப்பு என்ன என்று கேட்டுக்கொள்ளட்டும். மாலை இரண்டு மணி நேரம் அவள் இருந்து படிக்க ஆலய மண்டபத்தில் ஒரு விளக்கும் பாயும் கொடுப்பது வண்ணக்கர்மாரின் கைக்கு எட்டாத காரியம் அல்ல. பெறுபேறு வந்த நாளில் கண்ணூறு என்றும் செய்வினை என்றும் காரணம் தேடி ஓடும் பெற்றார், அந்த ஓட்டத்தில் செலவாகும் பணத்தையும் நேரத்தையும் கணக்குப் பார்த்தால் ஒரு வருடப் பாடப் புத்தகம் வாங்கலாம். எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் புள்ளி குறைந்தது என்று பிள்ளையோடு இருந்து பார்ப்பதற்குச் செலவே இல்லை.

யாழ் நூல் 1947 ஜூன் 5, 6ஆந் திகதிகளில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்ச் சிவாலயத்திலே அரங்கேறியது. அந்தத் தலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. திருஞானசம்பந்தர் அடியார்களோடு அங்கே வந்தபோது ஆற்றில் பெருவெள்ளம். ஓடக்காரர் பயந்து ஓடத்தைக் கரையில் கட்டிவிட்டுப் போய்விட்டனர். கோல் போட ஆள் இல்லை. அவர் வெள்ளம் வடியட்டும் என்று காத்திருக்கவில்லை. ஓடத்தின் கட்டை அவிழ்ப்பித்து, அடியாரை ஏற்றித் தாமும் ஏறி, பதிகம் பாடத் தொடங்கினார். தோணி அக்கரை சேர்ந்தது அருளால். வாவியிலே தோணி விட்டுப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும்: கட்டு அவிழாத தோணியை எந்தக் காற்றும் கரை சேர்க்காது.

அரங்கேற்றம் முடிந்து ஆறு வாரம் ஆன பின், 1947 ஜூலை 19இல் சுவாமி விபுலானந்தர் சமாதி அடைந்தார். கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலய வளவில் அவருடைய சமாதி இருக்கின்றது. பாடசாலை மணி அடித்ததும் பிள்ளைகள் அதைக் கடந்தே வகுப்புக்குப் போகின்றனர்.