சாலையிற் பதிந்த தண்டவாளம்
சென்னை டிராம் வண்டி பற்றி ஒரு நோக்கு

பெரம்பலூர் நகருக்கு இன்றளவும் இருப்புப்பாதை இல்லை. ரயிலில் சென்னை செல்ல விழைவோர் பெரும்பாலும் அரியலூருக்குச் சென்றே வண்டி ஏறுகின்றனர். ரயில் என்பது ஊர்ப்புறத்தே ஜல்லி மேட்டின்மீது ஓடுவது. அது கடக்கும்வரை கேட்டின் இப்பால் நாம் காத்து நிற்க வேண்டும். இதுவே நம் பகுதி மாணவர் கண்டறிந்த ரயில். ஆகவே, புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதையை வகுப்பில் பயிற்றியபோது, "டிராம் என்பது ரயிலா, பஸ்ஸா?" என்று ஒரு மாணவர் வினவியதில் வியப்பில்லை. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில் நின்று, டிராமில் போவதா பஸ்ஸில் போவதா என்று காலணாக் கணக்குப் பார்க்கும் கந்தசாமிப் பிள்ளையின் மனத்தை அறிய வேண்டுமாயின், அவ்வண்டியையும் நாம் அறிதல் வேண்டும்.

டிராமை 'அமிழ் தண்டூர்தி' எனத் தமிழாக்கியுள்ளனர். நாவிற்குச் சற்றே கடினமான சொல்தான். எனினும் பொருளைச் சரியாகத் தொட்டுவிடுகிறது. ரயில் தண்டவாளம் தரைக்குமேல் நிற்பது. டிராமின் தண்டவாளமோ சாலைக்குள் அமிழ்ந்து, தளத்தோடு தளமாய்க் கிடப்பது. அதன் தலையிலுள்ள காடியில் சக்கரத்தின் விளிம்பு ஓடும். மாட்டுவண்டியும் மிதிவண்டியும் அதன்மீதே கடந்து செல்லலாம். கேட்டும் இல்லை, படிக்கட்டு ஏறிச் சேரவேண்டிய நிலையமும் இல்லை. சாலையோரத்தில் நிற்பவர் ஓரிரு படி ஏறினால் வண்டிக்குள் இருப்பார். இரும்பின்மேல் இரும்பு உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனாலன்றோ, மின்சாரம் வருமுன்னரே குதிரைகள் டிராம்களை இழுக்க முடிந்தது! கல்கத்தாவில் 1873லும் பம்பாயில் 1874லும் குதிரை டிராம்களே முதலில் ஓடின.

சென்னையின் சிறப்பு வேறு. இங்கு 1895 மே 7ஆம் நாள் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் இதுவே முதலாவது. அவ்வாண்டில் இலண்டன் தெருக்களிலும் குதிரைகளே டிராம்களை இழுத்துக்கொண்டிருந்தன. தொடக்கத்தில் மின்கம்பியைச் சாலைக்கு அடியில் ஒரு கால்வாயில் வைத்து, குறுகிய பிளவின் வழியே வண்டிக்கு மின்சாரம் தந்தனர். பார்வைக்கு அழகிய ஏற்பாடு; ஆனால் வடகிழக்குப் பருவமழையை எண்ணிப் பார்க்காத ஏற்பாடு! பின்னர்க் கம்பி மேலே ஏறியது. வண்டியின் கூரையிலிருந்த கோல் அக்கம்பியைத் தொட்டு மின்சாரத்தை வாங்க, அது தண்டவாளத்தின் வழியே திரும்பிச் சென்றது.

பாரிமுனை, மவுண்ட் ரோடு, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை முதலிய இடங்களைத் தொட்டு, 1921இல் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. எழுத்தரும் தொழிலாளரும் மாணவரும் நாள்தோறும் ஏறினர். கந்தசாமிப் பிள்ளை போன்றோர்க்குக் காலணா மிச்சம் என்பது சிறு செய்தியன்று. வெற்றிலை பாக்கா, காப்பியா என்பதை முடிவு செய்வது அதுவே.

இத்தகைய வண்டி ஏன் மறைந்தது? அதன் வேகக்குறைவே காரணம் எனக் கூறுவாருளர். நாம் அதனை முழுதும் ஏற்பதற்கில்லை. எந்தப் பண்பு டிராமுக்குச் சிறப்பாயிற்றோ, அதுவே இடராகவும் ஆயிற்று என்பது நம் கருத்து. தண்டவாளம் பொதுச் சாலையில் அமிழ்ந்து கிடந்தமையால், அனைவரும் அதன்மேல் ஏறி நின்றனர். எதிரே ஒரு பார வண்டி அச்சு முறிந்து நின்றால் பஸ் விலகிச் செல்லும். டிராம் விலக இயலாது. அதன் பின்வரும் டிராம்களும் வரிசையாய் நிற்கும். செலவும் அவ்வாறே. பிரிட்டனில் 1870ஆம் ஆண்டுச் சட்டம், தண்டவாளங்களுக்கு இடையிலும் அவற்றின் இருபுறமும் 18 அங்குலம் வரையிலும் சாலையைச் செப்பனிடும் பொறுப்பை டிராம் நடத்துவோர் தலையிலேயே சுமத்தியது. டிராம் செப்பனிட்ட தளத்தில் பஸ் இலவசமாக ஓடிப் போட்டியிட்டது.

சென்னையில் 1947 முதல் அரசே பஸ்களை நடத்தத் தொடங்கியது. தனியார் கையிலிருந்த டிராம் நிறுவனம் நொடித்துப்போக, 1953 ஏப்ரல் 12ஆம் நாள் டிராம் நின்றது. பம்பாய் 1964இல் கைவிட்டது. நெடுங்காலம் கைவிடாதிருந்த கொல்கத்தாவிலும், மைதானப் பகுதியின் ஒரு சிறு தடம் நீங்கலாக ஏனையவற்றை நிறுத்தப்போவதாக அம்மாநில அரசு 2024இல் அறிவித்தது.

பிரான்சு நாட்டு நகரங்கள் மறுவழி கண்டன. நாந்து 1985லும், கிரெநோபிள் 1987லும், ஸ்ட்ராஸ்பூர்க் 1994லும் டிராமை மீண்டும் கொணர்ந்தன. தண்டவாளம் தெருவிலேயேதான் பதிந்தது. ஆனால் பெரும்பாலும் பிற ஊர்திகள் ஏறாதவாறு அதற்கெனத் தனித்தடம் ஒதுக்கினர். மவுண்ட் ரோடு போன்ற அகன்ற சாலையில் அன்றே அவ்வாறு ஒதுக்கியிருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது. சென்னையோ தண்டவாளத்தைத் தெருவிலிருந்தே எடுத்துவிட்டது. டிராம் ஓடத்தொடங்கிச் சரியாக நூறாண்டு கழித்து, 1995இல், கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் தூண்கள்மேல் ஏறியது. 2015 முதல் மெட்ரோ மேலும் கீழுமாய் ஓடுகிறது.

கந்தசாமிப் பிள்ளை நின்ற முனைக்கு அருகே இன்று உயர்நீதிமன்ற மெட்ரோ நிலையம் நிலத்தடியில் உள்ளது, 2019இல் திறக்கப்பட்டது. அவர் திருவல்லிக்கேணி செல்ல வேண்டுமானால், கீழே இறங்கி, அரசினர் தோட்டம் நிலையத்தில் மேலேறி, மீதித் தொலைவை நடந்தோ ஆட்டோவிலோதான் கடக்க வேண்டும்.