மல்லியை இருப்பு வைத்தால் அடக்கம் என்ன?

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசலில் ஐப்பசி மழையை நம்பி விதைக்கும் மல்லி, மாசி பங்குனியில் களத்துக்கு வருகிறது. வரத்து குவிந்து விலை தணியும்போது வாங்கிக் குடோனில் அடுக்குவதும், ஆவணி புரட்டாசியில் ஏறும் என்று காத்திருப்பதும் நமக்குப் பழக்கம். ஆனால் எவ்வளவு ஏறினால் கட்டுபடியாகும் என்பதை நம்மில் பலர் எழுதிப் பார்ப்பதில்லை.

கணக்குக்காகக் குவிண்டால் 8,000 ரூபாய் என்று கொள்வோம். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி வீதம் ஆறு மாதத்துக்கு 480. குடோன் வாடகை, ஏற்றுக்கூலி, சாக்கு வகையில் 100. ஆக அடக்கம் 8,580. ஈரம் காய்ந்து இரண்டு கிலோ குறைந்தால் கையில் நிற்பது 98 கிலோதான். புரட்டாசியில் குவிண்டால் 8,500 என்று விற்றவர், 500 ரூபாய் கண்டதாகச் சொல்லிக்கொள்வார். 98 கிலோவுக்கு அவர் கைக்கு வந்தது 8,330. உண்மையில் 250 ரூபாய் நட்டம். முதல் தேறவே 8,755 விற்க வேண்டும். பச்சை நிறம் மங்கி, வாசனை குறைவதால் விழும் விலையை இதில் சேர்க்கவில்லை.

'சொந்தப் பணம்தானே, வட்டி ஏது?' என்று கேட்பவர்களும் உண்டு. அதே பணம் வங்கியில் கிடந்தால் வட்டி வந்திருக்குமே! அதையும் செலவில் எழுதத்தான் வேண்டும். பொருளாதார நூல்கள் இதை வாய்ப்புச் செலவு என்கின்றன.

முன்பேர வணிகத்துக்கும் இந்த இருப்புச் செலவுதான் அடிப்படை. 2003 டிசம்பரில் வியாபாரம் தொடங்கிய என்.சி.டி.இ.எக்ஸ். சந்தையில் மல்லிக்கு முன்பேரம் உண்டு. ராஜஸ்தானின் கோட்டா, ராம்கஞ்ச் மண்டிப் பக்கத்துச் சரக்கே அங்கே அளவுகோல். நம் மல்லியின் விலையையும் அந்த வரத்து இழுக்கும். முன்பேரத்தில் இறங்கச் சொல்லவில்லை. விலையைப் பார்க்கக் காசு கேட்பதில்லை. கிட்ட மாதத்து விலைக்கும் தூர மாதத்து விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். அது நம் இருப்புச் செலவைவிடக் குறைவென்றால், காத்திருப்பதற்குச் சந்தை கூலி தரவில்லை என்று பொருள். சரக்குத் தட்டான காலத்தில் தூர மாதம் மலிவாகவே நிற்கும். அப்போது குடோனைக் காலி செய்வதே கணக்கு. அதற்காக அந்த விலையை ஜோசியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மழை பிழைத்தால் எல்லாமே மாறும்.

உளுந்து வியாபாரம் வேறு வகை. துவரை, உளுந்து முன்பேரத்தை 2007 ஜனவரியில் அரசு நிறுத்தியது. உளுந்தை அடுக்கி வைப்பவர்கள் வட்டிக் கணக்கோடு, பர்மாவிலிருந்து வரும் சரக்கையும் இறக்குமதி உத்தரவையும் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.