சுண்ணாம்பு நீரில் தொடங்கும் பாடம்

கேள்வி: காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை நீக்கும் வேதியியலை மாணவர்களுக்கு எப்படிக் கற்பிக்கலாம்?

பதில்: தெளிந்த சுண்ணாம்பு நீரில் தொடங்குவதே சிறந்தது. அதில் மூச்சுக்காற்றை ஊதும்போது, கரைந்துள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம் கார்பன் டைஆக்சைடுடன் வினைபுரிந்து, நீரில் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுவதால் நீர் பால்போல் வெளுக்கிறது. வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 4 விழுக்காடு உள்ள அவ்வாயு வெளிக்காற்றில் 0.04 விழுக்காடே இருப்பதால், வெறுங்காற்றைச் செலுத்தினால் அதே மாற்றத்துக்கு நெடுநேரம் ஆவதை மாணவர் நேரில் காண்பர். இத்துறையின் முதற்சிக்கல் அதுவே. பிடித்த வாயுவை மீட்பது இன்னும் கடினம். சுண்ணாம்புக் காளவாயில் நடப்பதுபோல், கார்பனேட்டை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கினால்தான் வாயு பிரிந்து, நீர் சேர்த்தால் மீண்டும் காரமாகும் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அவ்வெப்பத்துக்கு நிலக்கரியை எரித்தால் புதிதாக வெளியேறும் வாயுவின் கணக்கையும் சமன்பாட்டோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும்.