ரோகிணி வெயிலில் மாடித்தோட்டம்

கத்திரி முடியப் போகிறது என்று தமிழ்நாடு ஆறுதல்படும் மே கடைசி வாரத்தில்தான் ஹைதராபாத்தில் ரோகிணி கார்த்தி, அதாவது சூரியன் ரோகிணி நட்சத்திரத்தில் இருக்கும் காலம், தொடங்குகிறது. ரோகிணியில் உரலும் வெடிக்கும் என்பது தெலுங்கு வழக்கு. இந்நகரில் பதிவான உச்ச வெப்பநிலையாகச் சொல்லப்படும் 45.5 டிகிரி, 1966 ஜூன் 2 அன்று, அதே ரோகிணியில்தான் வந்தது. மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் அதிகம் பதறுவதும் இந்த நாட்களில்தான். வெயிலைத் தாங்கிய செடிகூட, பதற்றத்தில் நாம் செய்யும் வைத்தியத்தைத் தாங்காமல் போவதுண்டு.

மதியம் இலை தொங்கினால் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். பீர்க்கை, சுரை, பூசணி போன்ற அகன்ற இலைச் செடிகளில், வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை ஈரத்தை இழக்கும்போது அது துவளும். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிரும். காலை ஆறு மணிக்கும் துவண்டே இருந்தால் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாகம். ஈரமாக இருந்தும் துவண்டால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். அதற்கு மேலும் ஊற்றுவது கொடுமை.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு: உச்சிவெயிலில் இலைமேல் தண்ணீர் பட்டால் துளி பூதக்கண்ணாடியாகி இலையைக் கருக்கிவிடும் என்பது. ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். வழவழப்பான இலைகளில் துளிகளால் கருகல் ஏற்படவில்லை. துளியை இலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் மெழுகுமயிர் கொண்ட ஒரு நீர்ப்பெரணியில் மட்டும் அந்த ஆபத்து தெரிந்தது. நம் மாடியில் சுடுவது துளி அல்ல, ஹோஸ் பைப். வெயிலில் கிடந்த பைப்பிலிருந்து முதலில் வரும் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள், வைக்க முடியாது. அதை வேரில் விடாமல் வாளியில் பிடித்து ஆறவையுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது தேங்காய் நார்த்தூள். நார்த்தூள் கலந்த குரோ பேக் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்க மறுக்கும். நீங்கள் ஊற்றுவது பையின் ஓரமாக வழிந்து சில நொடிகளில் அடித்துளை வழியே வெளியேறும். தரை நனைந்ததைப் பார்த்து, செடி குடித்துவிட்டது என்று நினைப்போம். நடுவில் தோண்டினால் பழுப்புத் தூள் அப்படியே புழுதியாக இருக்கும். ஒரு குவளை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஊற்றினால் மெல்ல இறங்கும். அல்லது ஒரு டப்பில் தண்ணீர் நிரப்பி, பையை அதில் அரைமணி நேரம் நிறுத்தலாம். பிறகு மேலே காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டை என்று எதையாவது இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். கறுப்புப் பை வெயிலை நேரடியாக வாங்கி வேரை அவிக்கிறது. அதனால் பைகளை நெருக்கி, மேற்கு வெயில் படும் பக்கம் ஒரு பழைய கோணியைத் தொங்கவிடுவது எந்த உரத்தையும்விட உதவும். தொட்டிக்கு அடியில் ஜல்லி போட்டால் வடிகால் சிறக்கும் என்பதும் தவறு. ஈரம் தேங்கும் மட்டம் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அவ்வளவுதான்.

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றாத தமிழ் வீடு குறைவு. செகந்திராபாத் மாடிகளிலும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. மோரில் கொஞ்சம் தழைச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, கெடுதல் இல்லை. ஆனால் கறிவேப்பிலை 16 டிகிரிக்குக் கீழே துளிர்ப்பதை நிறுத்தும் செடி. இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் அதற்குக் கீழே போகிறது. வெயில் ஏற ஏறத் தானாகவே தழைக்கும் செடிக்கு, மோர் பெயர் வாங்கிக்கொள்கிறது.

தக்காளிப் பூ உதிராமலிருக்க, தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைத்த தேமோர் கரைசலைத் தெளிப்பதும் அப்படித்தான். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25க்குக் கீழே இறங்காதபோது மகரந்தம் வீரியம் இழக்கிறது. அதைத் தெளிப்பால் திருப்ப முடியாது. செடியைப் பிடுங்க வேண்டாம். காய்ந்த கிளைகளைக் கவாத்து செய்து நிழலில் காப்பாற்றினால் மழைக்குப் பின் மறுபடி காய்க்கலாம். கொத்தமல்லிக்கும் இது காலமல்ல, முளைத்தாலும் சீக்கிரம் பூத்துவிடும். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, கோங்கூரா என்று இங்கே கொண்டாடப்படும் புளிச்சகீரை ஆகியவை இந்த வெயிலைத் தாங்கும். புதினாவுக்கு மதியத்துக்கு மேல் நிழல் கிடைத்தால் போதும்.

ஜூன் 7, 8 வாக்கில் மிருகசிர கார்த்தி வந்தவுடன் நாற்று நட்டுவிடலாம் என்பது இன்னொரு நம்பிக்கை. முதல் மழைக்குப் பின் பத்து நாள் சுள்ளென்று காய்வது இங்கே அபூர்வமல்ல. மே மாதமே நிழலில் விதைத்த கத்தரி, மிளகாய் நாற்றுகளை ஒரு வாரம் காலை வெயிலுக்கு மட்டும் பழக்கி, மேகம் தொடர்ந்து நிற்கத் தொடங்கியபின் நடுங்கள். நிழலுக்காகப் பச்சை வலை கட்டியிருந்தால், அன்றைக்கே அதையும் கழற்றிவிடுங்கள். மேகமூட்டத்தில் வலையும் இருந்தால் நாற்று வெளிச்சம் தேடி நெட்டையாக வளர்ந்து ஒடியும்.