மொழிமூல மாற்றமும் பல்கலைக்கழக மாணவரின் ஆங்கிலத் திறனும்

மாணவர்களே! அறுகம்பேயில் அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டவருடன் ஆங்கிலத்தில் சரளமாக உரையாடும் இளைஞர்களைக் கண்டிருப்பீர்கள். ஆயினும் அவ்வாறு பேசும் ஒருவரே பல்கலைக்கழகத்தில் ஆங்கில நூலொன்றை வாசிக்கும்போது சிரமப்படலாம். இதற்கான காரணங்களை இப்பாடத்தில் நோக்குவோம்.

1. வரலாற்றுப் பின்னணி

• 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் ஆரம்பிக்கப்பட்டபோது அங்கு ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டது. ஆங்கிலப் பாடசாலைகளில் பயின்ற சிலருக்கே அங்கு கற்கும் வாய்ப்புக் கிடைத்தது.

• பாடசாலைக் கல்வி படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறியது. 1960களில் பல்கலைக்கழகக் கலைப் பாடங்களும் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்பட்டன. மருத்துவம், பொறியியல் என்பன ஆங்கிலத்திலேயே தொடர்ந்தன.

• 1987 இல் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது.

2. விளைவுகள்

தாய்மொழிக் கல்வியால் கிராமப்புற மாணவர் பலர் பல்கலைக்கழகம் சென்றனர். ஆனால் ஆங்கிலம் கற்கும் மொழி என்ற நிலையிலிருந்து ஒரு பாடம் என்ற நிலைக்கு வந்தது. எனவே "அக்கால மாணவர் கெட்டிக்காரர், இக்கால மாணவர் பின்தங்கியவர்" என்பது தவறான முடிவாகும். மாறியது மாணவரின் அறிவன்று. மொழியைப் பயன்படுத்தும் வாய்ப்பே.

3. பிரித்தானிய உதாரணம்

இங்கிலாந்தில் 2004 முதல் 14 வயதுக்கு மேற்பட்ட மாணவருக்குப் பிறமொழி கட்டாயப் பாடமாக இருக்கவில்லை. பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளில் பரீட்சைக்குத் தோற்றுவோர் வெகுவாகக் குறைந்தனர். பல்கலைக்கழக மொழித்துறைகள் பலவும் சுருங்கின. வசதியுள்ள நாட்டிலும் பயன்படுத்தாத மொழி தேய்வடையும் என்பதை இது காட்டுகின்றது.

4. எமது பிரதேசம்

இப்போது ஒலுவிலில் உள்ள, 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் 1996 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்துள்ளது. பொத்துவிலில் உயர்தர விஞ்ஞானத்தைத் தமிழில் கற்ற மாணவர் அங்கு செல்லும்போது ஆங்கில விரிவுரைகளையே எதிர்கொள்கின்றார். வீட்டிலிருந்து பஸ்ஸில் சென்றுவரும் தூரந்தான், மொழியோ புதியது.

5. மனங்கொள்க

• விலை பேசவும் வழி சொல்லவும் சிறிதளவு சொற்கள் போதும். விரிவுரைக்கு வாசிப்பும் எழுத்தும் தேவை.

• நீங்கள் தரம் 3 முதல் 11 வரை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்கின்றீர்கள். உயர்தரத்தில் பொது ஆங்கிலப் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிடப்படுவதில்லை என்பதால் அதனைக் கைவிடாதீர்கள். கைவிட்டால் பெற்ற திறனும் குறையும்.

• நீங்கள் தமிழில் கற்ற பாடப்பகுதியை ஆங்கிலத்தில் நாளுக்கு ஒரு பந்தியாவது வாசியுங்கள். விடயம் முன்பே தெரிந்திருப்பதால் மொழி இலகுவாகும்.

மாதிரி வினாக்கள்

1. தாய்மொழிக் கல்வியால் ஏற்பட்ட நன்மை ஒன்றும் சவால் ஒன்றும் தருக.

2. பேச்சு ஆங்கிலத்திற்கும் கல்விக்குரிய ஆங்கிலத்திற்கும் இடையிலான வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக.