தூண்டிலுக்குத் தடை, வலைக்கு வழியா?

புணேயின் ஹிஞ்சேவாடியிலிருந்து மால்வணுக்கு ஓர் இரவுப் பயணம். மழை ஓய்ந்து கடல் தெளிந்ததும் வார இறுதிகளில் ராடும் ரீலுமாகக் கொங்கணக் கரைக்குக் கிளம்புகிறவர்களில் தமிழர்களும் உண்டு. பாறை, சீலா, களவா, கொடுத்துவைத்தால் ஒரு வஞ்சிரம் என்று கனவோடு போவார்கள். திரும்பி வந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் பேச்சு ஒரே புகாரில் வந்து நிற்கும்: "சரணாலயம் என்று சொல்லி ஒற்றைத் தூண்டிலை மடக்குகிறார்கள், டன் கணக்கில் அள்ளும் வலையை விட்டுவிடுகிறார்கள்."

இதில் பாதி உண்மை. மீதிப் பாதி நம் கோபத்தைத் தவறான வாசலுக்கு அழைத்துப் போகிறது.

நம்பிக்கை: மால்வண் கடலையே பூட்டிவிட்டார்கள்.

மால்வண் கடல்சார் சரணாலயம் 1987 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர். சிந்துதுர்க் கோட்டையைச் சுற்றிய மையப் பகுதி அதில் சுமார் 3 சதுர கிலோமீட்டர்தான். மற்றது அதைச் சூழ்ந்த காப்புப் பகுதி. சிந்துதுர்க் மாவட்டத்தின் கடற்கரையோ நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. ஆகவே பூட்டப்பட்டதாகச் சொல்லப்படும் கடல், வரைபடத்தில் விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய அளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், 1986இல் அறிவிக்கப்பட்ட நம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 21 தீவுகளும் 560 சதுர கிலோமீட்டரும் கொண்டது.

எல்லை கண்ணுக்குத் தெரியாது என்ற குறை நியாயமானது. தண்ணீரில் வேலி கிடையாது. படகுக்காரர் சொல்வதுதான் எல்லை என்றாகிவிடுகிறது. அதற்கு மிதவைகளும் வரைபடங்களும் கேட்க வேண்டுமே தவிர, சரணாலயமே வேண்டாம் என்பது வழக்கை மாற்றிப் போடுவதாகும்.

நம்பிக்கை: உள்ளூர் மீனவருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம்.

ஆமாம், அப்படித்தான். அது தவறி நடந்ததல்ல. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, சரணாலயத்துக்குள் அனுமதியின்றி உயிரினங்களை எடுக்கக் கூடாது என்கிறது. அதே சட்டம், கடற்பகுதியைச் சரணாலயத்தில் சேர்க்கும்போது உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மால்வணில் தலைமுறைகளாக வலை வீசும் குடும்பத்துக்கும் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை போகிற நமக்கும் கடல்மேல் ஒரே உரிமை என்று எந்த நியாயத்தில் கேட்பது? பொழுதுபோக்கு மதிக்கத்தக்கதுதான். ஆனால் அடுப்பு எரிவதற்கு அடுத்த இடம்தான் அதற்கு.

நம்பிக்கை: வலை என்றால் எல்லாம் ஒன்றுதான்.

இந்த நம்பிக்கைதான் மிகுந்த கேடு செய்கிறது. நமக்குத் துணையாக நிற்க வேண்டியவர்களையே இது எதிரிகளாக்குகிறது.

கொங்கணத்தில் ராம்பண் என்ற கரைவலை உண்டு. ஊரே சேர்ந்து கரையிலிருந்து இழுக்கும் வலை. தானாகக் கரைக்கு வருகிற மத்தி, அயிலைக் கூட்டங்களை நம்பியே அது நிற்கிறது. சுருக்குமடி அப்படியல்ல. வெளிக்கடலில் மீன் கூட்டத்தைத் தேடிப் போய், சுற்றி வளைத்து, அடியில் கயிற்றைச் சுருக்கி, கூட்டத்தை அப்படியே அள்ளிவிடும். இரவில் எல்இடி விளக்குப் போட்டு மீனை வரவழைத்துப் பிடித்தால் கரைக்கு வர எதுவும் மிச்சமிருக்காது. இழுவைமடி வேறு ரகம். அது தரையை உரசிக்கொண்டே போகும், குஞ்சு, குருணி, நண்டு, சிப்பி எல்லாம் அதில் ஏறும்.

இதை எதிர்த்து முதலில் எழுந்தவர்கள் தூண்டில்காரர்கள் அல்லர். கோவாவில் 1970களில் இழுவைப் படகுகளை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் ராம்பண்காரர்கள். கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்கள் கோவாவில் 1980இலும், மகாராஷ்டிரத்தில் 1981இலும், தமிழ்நாட்டில் 1983இலும் வந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட சிறுமீனவர் போராட்டங்கள் இருக்கின்றன. கரையோர மூன்று கடல் மைல் பாரம்பரிய மீனவருக்கு என்ற தமிழ்நாட்டு விதியும் அந்த வரிசையில் பிறந்ததே.

சுருக்குமடி மீன்பிடிப்பை ஆராய்ந்த சோமவம்சி குழுவின் பரிந்துரையை ஏற்று மகாராஷ்டிர அரசு 2016 பிப்ரவரியில் சுருக்குமடிக்குக் கடிவாளம் போட்டது. உரிமங்களைப் படிப்படியாகக் குறைப்பது, செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மட்டும் அனுமதிப்பது என்பன அதில் இருந்தன. எல்இடி விளக்கு மீன்பிடிப்பை மத்திய அரசு 2017 நவம்பரில் தடைசெய்தது. 2021இல் மகாராஷ்டிரம் தன் பழைய சட்டத்தைத் திருத்தி அபராதங்களை லட்சக் கணக்குக்கு உயர்த்தியது. எனவே "வலையை யாரும் கேட்பதில்லை" என்பது சரியல்ல. சட்டம் இருக்கிறது; இரவில் கடலுக்குப் போய் அதை நிறைவேற்றும் படகும் ஆளும்தான் போதவில்லை. நம் கோபம் போய்ச் சேர வேண்டிய வாசல் அதுதான்.

இன்னொன்றையும் யோசித்துப் பார்க்கலாம். வஞ்சிரமும் பாறையும் சீலாவும் மத்தி, அயிலைக் கூட்டத்தின் பின்னால் வருகிற மீன்கள். கூட்டம் வெளிக்கடலிலேயே அள்ளப்பட்டால், ராம்பண் வெறுமையாகத் திரும்பும் அதே நாளில் நம் தூண்டிலும் வெறுமையாகத்தான் திரும்பும்.

நம்பிக்கை: ஒரு தூண்டில் என்ன செய்துவிடும்? பிடித்தாலும் திரும்ப விட்டுவிடுகிறோமே.

ஒரு தூண்டில் ஒன்றும் செய்யாது. ஆனால் தூண்டில்காரர் தேடுவது பெரிய மீனை. படம் எடுக்கத் தகுந்த மீனை. கொடுவா ஆணாக வாழ்வைத் தொடங்கிச் சில ஆண்டுகளில் பெண்ணாக மாறும் மீன். முகத்துவாரத்தில் கிடைக்கும் மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் தாய் மீன்தான். களவா பலவற்றில் இது தலைகீழ். பெண்ணாகத் தொடங்கி ஆணாகும். ஒரு பாறைத் திட்டில் இருக்கும் பெரிய களவாக்களைத் தொடர்ந்து எடுத்தால் அங்கே ஆண் மீன் அருகிப்போகும். மெதுவாக வளர்ந்து, ஒரே பொந்தில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் இனம் அது. அதற்கு வலை வேண்டியதில்லை, இடம் தெரிந்த நான்கு தூண்டில்காரர்களே போதும்.

விட்டுவிடுவது நல்ல பழக்கம். ஆனாலும் விட்ட மீனெல்லாம் பிழைப்பதில்லை. ஆழத்திலிருந்து வேகமாக இழுத்த களவாவின் காற்றுப்பை உப்பி, இரைப்பை வாய்வழியே பிதுங்கி, கண் வெளியே தள்ளும். அதை அப்படியே நீரில் போட்டால் கீழே இறங்க முடியாமல் மிதந்து சாகும். எடை கட்டிய கவ்வியால் அதை ஆழத்துக்குத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். மும்முனைத் தூண்டிலுக்குப் பதில் ஒற்றை வளைமுள், உலர்ந்த கைக்குப் பதில் நனைத்த கை, கரையில் படம் பிடிக்கும் நேரத்தைச் சில விநாடிகளாகச் சுருக்குவது, இவையெல்லாம் மீனின் உயிரைத் தீர்மானிக்கும் விஷயங்கள்.

நம்பிக்கை: மூடிய இடத்து மீனால் நமக்கு எந்தப் பயனும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2004இல் புதிய மண்டலப் பகுப்பு வந்தபோது அங்கும் தூண்டில்காரர்கள் இதையேதான் சொன்னார்கள். மீன்பிடிக்கவே கூடாத பச்சை மண்டலம் ஐந்து சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது மூன்றில் ஒரு பங்காக உயர்ந்தது. அதன் கெப்பல் தீவுகளில் மீன் குஞ்சுகளின் மரபணுவைப் பெற்றோருடன் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. அங்குள்ள பவளத்திட்டில் 28 சதவீதம்தான் பச்சை மண்டலம். ஆனால் சுற்றுவட்டாரத்துக் குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி அங்கிருந்து வந்தவை. திறந்த பகுதியில் தூண்டில் போடுகிறவர்களுக்குக் கிடைக்கும் மீனிலும் கணிசமான பங்கு மூடிய பகுதியில் பிறந்ததாக இருக்கும்.

அங்கே மஞ்சள் மண்டலம் என்றும் ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு கயிறு, ஒரு தூண்டில் என்றால் அனுமதி; இழுவைமடிக்கும், இரை பிடிக்கும் சிறு வலை தவிர மற்ற வலைகளுக்கும் அனுமதி இல்லை. கோடு போடுவது தூண்டில்காரருக்கு எதிரானது என்ற பேச்சுக்கு இதைவிட நேரான மறுப்பு எது? கேட்டுப் பெறவேண்டியது இப்படிப்பட்ட மண்டலத்தைத்தான்.

நம்பிக்கை: தூண்டில்காரரை வெளியேற்றினால் திருட்டு பெருகும், குஞ்சு விட்டால் மீன் தானாகப் பெருகும்.

முதல் பாதியில் உண்மை இருக்கிறது. காவிரியில் சிவசமுத்திரத்துக்கும் மேக்கேதாட்டுக்கும் இடையே பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமக்கலி முகாம்களில் பிடித்து விடும் தூண்டில்காரர்கள் இருந்தவரை வெடி வைப்பவர்களைத் தடுக்கக் காவலர்கள் இருந்தார்கள். 2012 வாக்கில் காவிரிச் சரணாலயத்துக்குள் தூண்டில் நின்றது. அந்தக் காவலும் போயிற்று.

ஆனால் அந்த முகாம்களில் ஒன்றின் குறிப்பேடு வேறொரு கதையையும் சொன்னது. கலிபோரேயில் 1998 முதல் 2012 வரை பிடித்த மகசீர் மீன்களின் பதிவை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். எண்ணிக்கை கூடியிருந்தது, ஆனால் கூடியது நீலத்துடுப்பு மகசீர். காவிரிக்கே உரிய பேருருவான திமில் மகசீர் மறைந்துகொண்டிருந்தது. நீலத்துடுப்பு மகசீர் எங்கிருந்து வந்தது? ஹிஞ்சேவாடியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் லோணாவாளாவில், டாடா நிறுவனத்தின் மீன்குஞ்சுப் பண்ணையில் 1970களிலிருந்து வளர்க்கப்பட்ட இனம் அது. கிருஷ்ணைப் படுகையில் அது சொந்த மீன், காவிரியில் அந்நியன். நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுபோய் விட்டார்கள். திமில் மகசீர் 2018இல் மிக ஆபத்தான நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. அது இன்னும் எஞ்சியிருக்கும் சில இடங்களில் நம் மோயாறும் ஒன்று.

தூண்டில்காரர்கள் தினமும் எழுதிவைத்த குறிப்பேடு இல்லாவிட்டால் இந்தச் சரிவு இத்தனை தெளிவாகத் தெரிந்திருக்காது. தூண்டில்காரர் சமூகத்துக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய பொருள் அதுதான்: பிடித்தது என்ன, எங்கே, எவ்வளவு நீளம், விட்டோமா என்ற நேர்மையான கணக்கு. கொங்கணத்தில் அப்படி ஒரு கணக்கை நாம் இன்னும் தொடங்கவில்லை.

அடுத்த முறை மால்வணுக்குப் போகிறவர்கள் படகு பேசும்போதே சரணாலய எல்லைக்குள் போகவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிடித்ததை அளந்து எழுதுங்கள். இரவில் எல்இடி வெளிச்சம் கண்டால் இடத்தையும் நேரத்தையும் குறித்து மீன்வளத் துறைக்குக் கொடுங்கள். ராம்பண் மீனவர் சங்கங்கள் மனு எழுதும்போது உங்கள் கையெழுத்தையும் அதில் சேர்த்துவிடுங்கள்.