அறிவோம் ஆங்கிலம்: 'கைண்ட்' என்ற சொல்



இந்த மாதம் நம் சுவர் இதழில் 'அறிவோம் ஆங்கிலம்' பகுதி எழுத என் முறை வந்தது. பெரிய பெரிய சொல் வேண்டாம் என்று ஒரு சின்னச் சொல்லை எடுத்துக்கொண்டேன். கே, ஐ, என், டி. நான்கே எழுத்து. 'கைண்ட்' என்று படிக்க வேண்டும். சின்ன வகுப்பிலேயே படித்த சொல்தானே, இதில் என்ன இருக்கு என்று நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்தச் சொல்லை ஏன் எடுத்தேன்?

போன மாதம் ஆங்கில வகுப்பில் டீச்சர் எங்களை வரிசையாக எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். என் பக்கத்தில் உட்காரும் தோழி இந்தச் சொல்லைக் 'கிண்ட்' என்று வாசித்தாள். "என்னடி, உப்புமா கிண்டுறியா?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். ஆனா வகுப்பு முழுக்கக் கேட்டுவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் உப்புமா என்பதே அவளுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது.

அடுத்த மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று லீவ் லெட்டர் வந்தது. அவள் தம்பி அதை என்னிடம்தான் கொடுத்தான். அதில் 'கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்' என்று எழுதியிருந்தாள். நான் எந்தச் சொல்லுக்குக் கிண்டல் செய்தேனோ அதே சொல். டீச்சர் மேஜையில் அதை வைக்கும்போது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அன்றைக்கே பீரோவில் இருந்த அகராதியை டீச்சரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். டீச்சரும் நிறைய சொல்லிக் கொடுத்தார்கள். அதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. அன்பான, இரக்கமுள்ள

இதுதான் நமக்குத் தெரிந்த பொருள். 'ஷீ இஸ் எ கைண்ட் கேர்ள்' என்றால் அவள் அன்பான பெண். யாரிடம் அன்பாக இருக்கிறாள் என்று சொல்ல 'டு' போட வேண்டும். 'பீ கைண்ட் டு ஆனிமல்ஸ்' என்றால் விலங்குகளிடம் அன்பாக இரு. ஒருவர் உதவி செய்தால் 'இட் இஸ் வெரி கைண்ட் ஆஃப் யூ' என்று நன்றி சொல்லலாம். இன்னும் அதிக அன்பு என்றால் கைண்டர், எல்லாரையும் விட அதிகம் என்றால் கைண்டஸ்ட். அன்பு என்ற பெயர்ச்சொல் கைண்ட்னஸ். எதிர்ச்சொல் அன்கைண்ட்.

தமிழில் இதற்கு அன்பு, இரக்கம், பரிவு, கனிவு என்று பல சொல் உண்டு. திருக்குறளில் 58-ஆவது அதிகாரத்தின் பெயர் 'கண்ணோட்டம்'. பிறரை இரக்கத்தோடு பார்ப்பதைத்தான் வள்ளுவர் அப்படிச் சொல்கிறார். இதுவும் கைண்ட்னஸ்க்குப் பொருத்தமான சொல்.

2. வகை

'வாட் கைண்ட் ஆஃப் ஃப்ரூட் இஸ் திஸ்?' இது என்ன வகைப் பழம்? இங்கே அன்புக்கு வேலை இல்லை. ஒரு வகை என்றால் 'திஸ் கைண்ட்', பல வகை என்றால் 'தீஸ் கைண்ட்ஸ்'. பரீட்சையில் நாம் 'எஸ்' போட மறந்துவிடுவோம். கவனம் தேவை.

3. ஒரு மாதிரி

'ஐ ஆம் கைண்ட் ஆஃப் டயர்ட்' என்றால் எனக்குக் கொஞ்சம் அசதியாக இருக்கு. நாம் "ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்கிறோம் அல்லவா, அதே போலத்தான். பேச்சில் வரும். கட்டுரையில் எழுத வேண்டாம்.

4. தயவு செய்து

இதற்குக் 'கைண்ட்லி' என்று வரும். தமிழிலும் தயவு என்றால் இரக்கம்தான். நீங்கள் இரக்கப்பட்டு இதைச் செய்யுங்கள் என்று இரண்டு மொழியிலும் கேட்கிறோம். நம்மில் பலர் 'ப்ளீஸ் கைண்ட்லி' என்று இரண்டையும் சேர்த்து எழுதுகிறோம். ஒன்று போதும். இன்னொரு விஷயம், கோபத்திலும் இந்தச் சொல் வரும். 'வில் யூ கைண்ட்லி கீப் கொயட்?' என்று டீச்சர் கேட்டால் அது கெஞ்சுவது இல்லை. உடனே வாயை மூடிக்கொள்ள வேண்டும்!

5. இன் கைண்ட்

இதற்கு இரண்டு பொருள். முதல் பொருள், பணமாக இல்லாமல் பொருளாகக் கொடுப்பது. எங்க அப்பாயி அறுப்புக்குப் போன காலத்தில் கூலியைக் காசாகத் தர மாட்டார்களாம். களத்திலேயே நெல்லை மரக்காலில் அளந்து போடுவார்களாம். அதுதான் 'வேஜஸ் இன் கைண்ட்'.

இரண்டாவது பொருள், ஒருவர் நமக்குச் செய்ததை அதே மாதிரி அவருக்குத் திருப்பிச் செய்வது. நல்லதையும் திருப்பிச் செய்யலாம், கெட்டதையும் திருப்பிச் செய்யலாம். அடித்தவனைத் திருப்பி அடிப்பதும் இன் கைண்ட்தான். இந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வரும்.

6. குலம்

'மேன்கைண்ட்' என்றால் மனித குலம். 1969 ஜூலையில் நிலாவில் முதன்முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங், அது மனித குலத்துக்கே பெரிய பாய்ச்சல் என்று சொன்னபோது பயன்படுத்திய சொல் இதுதான். இப்போது ஆண், பெண் எல்லாரையும் சேர்த்து 'ஹியூமன்கைண்ட்' என்றும் எழுதுகிறார்கள்.

அன்பு, வகை, குலம் மூன்றுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று டீச்சரிடம் கேட்டேன். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பிறப்பு, இயல்பு, இனம் என்றெல்லாம் பொருளாம். உறவினரைக் குறிக்கும் 'கின்' என்ற சொல்லும் இதே வேரில் இருந்துதான் வந்ததாம். ஒரே இனம் என்பதில் இருந்து வகை வந்தது. சொந்தக்காரரிடம் நடப்பது போல நடப்பது என்பதில் இருந்து அன்பு வந்தது.

7. எப்படிப் படிப்பது?

கைண்ட், மைண்ட், ஃபைண்ட், பிளைண்ட், பிஹைண்ட் எல்லாம் 'ஐ' ஓசையோடு வரும். ஆனா காற்றுக்கு 'விண்ட்' என்றுதான் படிக்க வேண்டும். அதே எழுத்துகளைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதற்கு எழுதினால் 'வைண்ட்' என்று படிக்க வேண்டும். ஒரு குழந்தை 'சைல்ட்', பல குழந்தைகள் 'சில்ட்ரன்'. தீ மூட்டுவதற்கு ஒரு சொல் இருக்கு. அதிலும் முதல் நான்கு எழுத்து கே, ஐ, என், டி தான். அதைக் 'கிண்டில்' என்று படிக்க வேண்டும். அப்படி இருக்கும்போது ஒருத்தி 'கிண்ட்' என்று வாசித்ததில் என்ன தப்பு?

இன்னும் கேளுங்கள். எல்.கே.ஜி.யில் 'கே' என்றால் கிண்டர்கார்டன். ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் 1840-இல் தன் சிறுவர் பள்ளிக்கு வைத்த பெயர் அது. குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். ஜெர்மன் மொழியில் குழந்தைக்கு 'கிண்ட்' என்று பெயர். எழுத்தும் அதே கே, ஐ, என், டி. வேரும் அதே வேர்தான்!

பிறகு நடந்தது

நான்காம் நாள் அவள் பள்ளிக்கு வந்தாள். என்னோடு பேசவில்லை. அன்று தமிழ் வகுப்பில் நான் வாசிக்கும் முறை. 'வாழைத் தோட்டம்' என்பதை 'வாளைத் தோட்டம்' என்று வாசித்துவிட்டேன். வாளை என்றால் மீன். ஐயா நிறுத்தி, மறுபடி வாசி என்றார். மறுபடியும் வாளை என்றே வந்தது. எனக்குக் கை நடுங்கியது. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எனக்கும் மீன் என்று பட்டப்பெயர் வந்திருக்கும். ஆனா அவள் என் புத்தகத்தில் 'ழை' மேல் விரலை வைத்து, "நாக்க நல்லா மடக்கிச் சொல்லுடி" என்று என் காதுக்கு மட்டும் சொன்னாள்.

நான் செய்ததை அவள் இன் கைண்ட் திருப்பித் தரவில்லை. கைண்ட் ஆக இருந்தாள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அகராதியில் படித்தபோது எனக்குப் புரியவில்லை. அன்றைக்குத்தான் புரிந்தது.

இடைவேளையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "கிண்ட்டுன்னா ஜெர்மன்ல கொழந்தையாம்டி" என்றேன். "அப்ப நான் ஜெர்மன் வாசிச்சிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தாள். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்க, பேரு மட்டும் வேணாம்" என்றாள். அதனால் பெயர் எழுதவில்லை.

ஆனால் சிலர் இன்னும் அவளை அந்தப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஆரம்பித்தது நான். அதனால் நிறுத்தச் சொல்லி நான்தான் கேட்க வேண்டும். தோழர்களே, தோழிகளே, கைண்ட்லி ஸ்டாப் இட்.

நவம்பர் 13 உலக கருணை தினம். 1998 முதல் கொண்டாடுகிறார்கள். மறுநாள் 14 நம் குழந்தைகள் தினம். முதல் நாள் கைண்ட், மறுநாள் கிண்ட் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி: 'கைண்ட்' இங்கே என்ன பொருளில் வருகிறது?

அ) தே பெய்ட் ஹெர் இன் கைண்ட்.
ஆ) கைண்ட்லி ஷட் த டோர்.
இ) வாட் கைண்ட் ஆஃப் ட்ரீ இஸ் தட்?
ஈ) ஐ ஆம் கைண்ட் ஆஃப் ஹங்க்ரி.
உ) அவர் டீச்சர் இஸ் கைண்ட் டு அஸ்.

விடை: அ) பொருளாக, ஆ) தயவு செய்து, இ) வகை, ஈ) ஒரு மாதிரி, கொஞ்சம், உ) அன்பான.

ஐந்தும் சரி என்றால் நீங்கள் கெட்டி. தப்பு வந்தாலும் பரவாயில்லை, யாரும் சிரிக்க மாட்டோம்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி